மெதுவாகப் பழுக்கும் பள்ளத்தாக்கு

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் ஹெர்மானஸ் என்ற கடலோர ஊர் இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே திமிங்கிலம் பார்க்க மக்கள் கூடுவார்கள். குட்டி போட வரும் திமிங்கிலங்கள் பாறைக்கரைக்கு வெகு அருகில் வந்துவிடுவதால் படகுகூடத் தேவையில்லை, கரையில் நின்றே பார்க்கலாம். அந்த ஊரின் ஓரத்திலிருந்து ஒரு சாலை கடலை விட்டு விலகி, மலைகளுக்கு நடுவே புகுந்து கேலடன் பக்கம் போகிறது. சாலை நுழையும் அந்தப் பள்ளத்தாக்குக்கு ஹெமல்-என்-ஆர்தே என்று பெயர். 'வானமும் பூமியும்' என்று பொருள். சுற்றிலும் மலை மறைத்து நிற்பதால், உள்ளே நிற்பவர் கண்ணில் வானத்தையும் பூமியையும் தவிர வேறெதுவும் படாது, அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள்.

ஒளிந்து கிடந்த இடம் என்பதால் அதை ஒளித்து வைக்கவே பயன்படுத்தினார்கள். 1817 வாக்கில் அங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு ஒன்று தொடங்கியது. மொரேவியச் சபை மிஷனரிகள் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1840களின் நடுவில் அந்த நோயாளிகளை ரோபன் தீவுக்கு மாற்றினார்கள். பின்னாளில் நெல்சன் மண்டேலா சிறையிருந்த அதே தீவு. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கை ஒயினோடு சேர்த்து யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

1975ல் டிம் ஹாமில்டன் ரஸல் இங்கே 170 ஹெக்டேர் நிலம் வாங்கினார். விளம்பரத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். நாட்டிலேயே மிகத் தெற்கே, கடலுக்கு மிக அருகே, குளிரான ஒரு நிலம் வேண்டும் என்று பத்தாண்டு தேடியிருக்கிறார். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் விளையும் பினோ நுவார், ஷார்டனே என்ற இரண்டு திராட்சைகளும் நன்றாக வர வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. முதல் ஒயின் 1981 அறுவடையில் வந்தது. இன்று அதே சாலையில் பதினைந்துக்கு மேற்பட்ட ஒயின் வீடுகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை பலவும் குடும்பங்கள் கையில்தான் இருக்கின்றன.

ஏன் இங்கே குளிர்? ஏன் இங்கே குடும்பங்கள்? இரண்டும் தனித்தனிக் கேள்விகள் போலத் தோன்றலாம். பார்க்கப் பார்க்க, ஒன்றில்லாமல் மற்றது இந்த இடத்தில் நிற்காது என்றுதான் எனக்குப் படுகிறது. குளிர் பழத்தை அவசரப்படவிடாது. அவசரப்படாத பழத்துக்காகக் காத்திருக்கும் பணம் சாதாரணப் பணமாக இருக்க முடியாது.

முதலில் குளிர். ஹெர்மானஸ் ஏறத்தாழ 34 டிகிரி தென் அட்சரேகையில் இருக்கிறது. வடக்கே அதற்குச் சமமான கோட்டில் லெபனானின் பெய்ரூட் இருக்கிறது. பினோ நுவாரின் தாய்வீடான பர்கண்டியோ 47 டிகிரியில், பூமத்திய ரேகையிலிருந்து இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது. வரைபடத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தால், ஹெமல்-என்-ஆர்தேயில் பினோ நுவார் நடுவது பைத்தியக்காரத்தனம்.

வரைபடத்தில் தெரியாதது கடலின் குளிர். ஹெர்மானஸுக்குத் தெற்கே அண்டார்க்டிகா வரை நிலமே கிடையாது. கோடையில் அடிக்கும் தென்கிழக்குக் காற்று கரையோரத்தில் மேல்மட்ட நீரைத் தள்ளிவிட, அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. பள்ளத்தாக்கின் வாய் அந்தக் கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. பகலில் உள்நாட்டு நிலம் சூடேறி அங்கே காற்று மேலே எழும்பும்போது, காலியான இடத்தை நிரப்பக் கடல் காற்று பள்ளத்தாக்கு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. எங்கே வெயில் ஏறுகிறதோ, அந்த வெயிலே குளிரை அழைத்து வருகிறது. இருபக்க மலைகளும் அந்தக் காற்றைச் சிதறவிடாமல் ஒரு குழாய் போலக் கொண்டுபோகின்றன. மலை உச்சியில் மேகம் படிந்தால் நடுப்பகல் வெயிலும் பாதி குறைந்துவிடும்.

அதனால் பழத்துக்கு என்ன ஆகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. திராட்சை பழுக்கிறது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நாலைந்து வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இலை வெயிலை வாங்கிச் செய்யும் இனிப்பு பழத்தில் சேர்கிறது. காயிலிருந்த புளிப்பு குறைகிறது. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தைத்தான் கொடி முதலில் எரித்துத் தீர்க்கும், சூடு கூடக் கூட அது வேகமாக எரியும். தோலில் நிறம் ஏறுகிறது. விதையிலும் தோலிலும் இருக்கும் துவர்ப்பு முரட்டுத்தனம் விட்டு மென்மையாகிறது. வாசனை தரும் பொருள்கள் உருவாகின்றன.

வெப்பமான இடத்தில் இனிப்பு மட்டும் முந்திக்கொண்டு ஓடும். இனிப்புதான் நொதித்தபின் ஆல்கஹால் ஆகிறது. ஆகவே அங்கே தோட்டக்காரருக்கு இரண்டு வழிதான். துவர்ப்பும் வாசனையும் பக்குவப்படும் முன்பே பறித்துவிடலாம். அல்லது பக்குவத்துக்குக் காத்திருந்து, புளிப்பைப் பறிகொடுத்து, ஆல்கஹால் தூக்கலான ஒயினை ஏற்றுக்கொள்ளலாம். குளிரான இடத்தில் இனிப்பின் ஓட்டம் தளர்கிறது, இரவுக் குளிரில் புளிப்பு தங்குகிறது, பின்தங்கியிருந்த மற்றவை வந்து சேர்ந்துகொள்கின்றன. எல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் ஒன்றுகூடும்போது பறித்தால், அந்தப் பழத்தில் எதையும் சரிசெய்ய வேண்டியிருக்காது.

எல்லா ரகத்துக்கும் இந்தச் சலுகை அவசியமில்லை. பினோ நுவாருக்கு அவசியம். தோல் மெல்லியது, சீக்கிரமே பழுப்பது, சூட்டில் சட்டென்று வெந்த பழம்போல ஆகிவிடும். குலை நெருக்கமாக இருப்பதால் ஈரம் புகுந்தால் அழுகல் வரும். அது எவ்வளவு சிரமமான ரகம் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி உண்டு. 1925ல் ஸ்டெல்லன்பாஷில் ஆபிரகாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவாரைச் சின்சோ என்ற தாக்குப்பிடிக்கும் ரகத்தோடு கலந்து ஒரு புதுக் கலப்பினத்தை உருவாக்கினார். அதுதான் இன்று தென்னாப்பிரிக்காவின் அடையாளமாகிவிட்ட பினோடாஜ். தாய் ரகத்தையே இந்தப் பள்ளத்தாக்கில் நட்டு வளர்த்துக் காட்ட வேண்டும் என்று ஒருவர் கிளம்ப, அதன்பின் ஐம்பது ஆண்டுகள் ஆயின.

குளிர் கொடுப்பது கையைக் கடிக்காமல் கொடுப்பதில்லை. அதே கடல் காற்று நவம்பரில் கொடி பூக்கும்போது பலமாக அடித்தால் பூ உதிரும், காய்ப்பு குறையும். காற்று விடாமல் வீசினால் இலை தன் துளைகளை மூடிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். கடலீரத்தில் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் ஓயாது. பழம் இனிக்கத் தொடங்கியதும் மலையிலிருந்து பபூன் குரங்குகள் இறங்கும். எந்தப் பாத்தி முதலில் பழுத்தது என்பதில் அவை தவறு செய்வதே இல்லை.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலும் மேட்டுப்பகுதியிலும் களிமண் நிறைந்த, பழைய படிவப் பாறை சிதைந்த மண் அதிகம். நடுவில் சிதைந்த கருங்கல் மண் வருகிறது. களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும், ஒயினுக்கு ஒரு கட்டுமானமும் துவர்ப்பும் வரும். கருங்கல் மண்ணில் விளைந்தது மணம் முந்தி நிற்கும் என்று அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு. இந்த வேறுபாட்டை மதித்துத்தான் ஒரே சாலையில் இருக்கும் நிலத்தைச் சட்டப்படி மூன்று வார்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள்: ஹெமல்-என்-ஆர்தே பள்ளத்தாக்கு, மேல் ஹெமல்-என்-ஆர்தே பள்ளத்தாக்கு, ஹெமல்-என்-ஆர்தே மேடு. புட்டியில் இந்தப் பெயர் இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க அந்த இடத்துப் பழமாக இருக்க வேண்டும். 1973ல் வந்த ஒயின் பிறப்பிடச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துகிறது.

சரி, இவ்வளவு பொருத்தமான இடத்துக்கு ஏன் 1975 வரை யாரும் வரவில்லை? கேப் என்று சொல்லப்படும் கேப் டவுன் வட்டாரத்தில் ஒயினுக்காக முதன்முதலாகத் திராட்சை பிழிந்தது 1659 பிப்ரவரி 2 அன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் இருந்தும் கடலோரக் குளிரைத் தேடிப் போகவில்லை என்றால் ஏதோ தடுத்திருக்கிறது.

தடுத்தது விலையும் சட்டமும். 1918ல் தொடங்கிய கே.டபிள்யூ.வி. என்ற விவசாயிகள் கூட்டுறவு அமைப்பு, காலப்போக்கில் நாட்டின் ஒயின் தொழில் முழுவதையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பெற்றது. மிஞ்சிய ஒயினை அதுவே எடுத்துக்கொண்டு ஒரு குறைந்தபட்ச விலைக்கு உத்தரவாதம் கொடுத்தது. விவசாயிக்குப் பாதுகாப்புதான். ஆனால் லிட்டர் கணக்கில் பணம் வரும்போது எந்த விவசாயியும் லிட்டரைத்தான் பெருக்குவார். நீர்ப்பாசனம் உள்ள வெப்பமான சமவெளியில் ஒரு ஹெக்டேருக்கு இருபது, முப்பது டன் எடுக்க முடியும்போது, ஐந்து டன் கிடைக்கும் காற்றடிக்கும் மலையடிவாரத்துக்கு ஏன் போக வேண்டும்? இதற்கு மேல், 1957 முதல் யார் எங்கே எவ்வளவு விளைவிக்கலாம் என்று ஒதுக்கீடு வந்தது. ஏற்கெனவே விளைவித்தவர்களுக்கே அது சாதகம். ஒயின் மரபு இல்லாத புதுப் பகுதியில் நட நினைப்பவருக்கு அது பூட்டிய கதவு. அந்த முறையை 1992ல்தான் கைவிட்டார்கள்.

நிலம் கிடைத்தாலும் நடுவதற்கு நல்ல கன்று கிடைப்பது அடுத்த போராட்டம். வெளிநாட்டுக் கொடிகளைக் கொண்டுவரும் தனிமைப்படுத்தல் நடைமுறை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பொறுக்க முடியாமல் சில விவசாயிகள் ஷார்டனே கொடித் துண்டுகளைக் கடத்திக் கொண்டுவந்தார்கள். வளர்ந்து காய்த்தபின் பார்த்தால், அவற்றில் ஒரு பகுதி ஷார்டனேயே இல்லை, அதன் உறவுக்கார ரகமான ஓக்ஸெர்வா. விஷயம் பெரிதாகி 1986ல் அரசு ஒரு விசாரணைக் குழுவே அமைத்தது. பினோ நுவாரிலும் இதே கதைதான், சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது என்பது மட்டும் வித்தியாசம். அப்போது நாட்டில் பரவலாகக் கிடைத்தது ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்த, நுரைக்கும் ஒயினுக்கு ஏற்ற ஒரு குளோன், அதாவது ஒரே தாய்க்கொடியின் துண்டுகளிலிருந்து பெருக்கிய வகை. அதை வைத்துத்தான் ஆரம்பகாலத் தோட்டங்கள் சிவப்பு ஒயின் செய்ய முயன்றன. பர்கண்டியின் டிஜோன் நகரப் பெயரால் அறியப்படும் 113, 115, 667, 777 போன்ற குளோன்கள் பின்னால் வந்து சேர்ந்தபோதுதான், இந்தப் பள்ளத்தாக்கால் என்ன முடியும் என்பது தெரிய ஆரம்பித்தது.

தவறான குளோனை நட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துச் சரியானது வந்ததும் பழையதைப் பிடுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டும் நிறுவனம் ஒன்று இதை ஒப்புக்கொள்ளுமா என்பது எனக்குச் சந்தேகம்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். குளிர்காலத்தில், அதாவது ஜூலை, ஆகஸ்ட்டில் கன்று நடுகிறீர்கள். ஒயின் செய்யத் தகுந்த முதல் காய்ப்புக்கு மூன்று ஆண்டுகள். பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. நொதித்த ஒயின் 228 லிட்டர் கொள்ளும் பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்குப் போய் ஒன்பது மாதம், ஒரு வருடம் இருக்கும். புட்டியில் அடைத்தபின்னும் சில மாதங்கள் சும்மா கிடக்க வேண்டும். நட்ட கையில் முதல் காசு வர ஐந்து ஆண்டு ஆகிவிடுகிறது. ஒரு ஹெக்டேருக்கு ஐந்து டன் என்றால், டன்னுக்கு ஏறத்தாழ 650 முதல் 700 லிட்டர், மொத்தத்தில் 4,500 புட்டி. அதிலும் அந்தக் கொடி தன் நல்ல பழத்தைத் தரத் தொடங்க இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.

அப்படித் தரத் தொடங்கும் நேரத்தில் இலைச்சுருட்டு வைரஸ் வந்து நிற்கும். தென்னாப்பிரிக்கத் திராட்சைக்கு இதுதான் நெடுநாள் சாபம். மாவுப்பூச்சி வழியாகப் பரவும். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். பிடித்த கொடி சாகாது. பழுப்பதுதான் தாமதமாகும், இனிப்பும் நிறமும் முழுதாக வராது. இலையுதிர் காலத்தில் சிவப்பு ரகங்களின் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் கருஞ்சிவப்பாகும். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் அந்த அழகைப் பார்த்துத் தோட்டக்காரர் வயிறு கலங்குவார். மருந்து இல்லை. ஒவ்வொரு வரிசையாக நடந்து, சிவந்த கொடிக்கு அடையாளம் கட்டி, வேரோடு பிடுங்கி, சுத்தமான கன்று வைக்க வேண்டும். அடுத்த ஆண்டும் இதே நடை, அதற்கடுத்த ஆண்டும் இதே நடை.

இப்படி ஒரு வேலைக்குத்தான் குடும்பம் பொருந்துகிறது. பாசத்தால் மட்டும் இல்லை. குடும்பம் தன் ஆண்டுக் கூலியை வருமானம் வரும் வரை தள்ளிப்போடும். நிலத்தின் மதிப்பை விற்கிற விலையாக நினைக்காமல் இருக்கிற இடமாக நினைக்கும். நியூட்டன் ஜான்சன் குடும்பத்தைப் பாருங்கள். டேவ் ஜான்சனும் அவர் மனைவி ஃபெலிசிட்டியும் சேர்ந்து தொடங்கிய தோட்டம் அது. இருவரின் குடும்பப் பெயரையும் சேர்த்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். மகன்களில் கோர்டன் ஒயின் செய்வதையும் பெவன் வணிகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். தொழில் பிரிவினை சமையலறை மேசையில் நடந்தால் சம்பள பேரம் கொஞ்சம் எளிது என்று நினைக்கத் தோன்றும். அது உண்மையில் கடினம் என்பது கூட்டுக் குடும்பத்தில் தொழில் செய்த யாருக்கும் தெரியும்.

ஹாமில்டன் ரஸல் தோட்டத்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கைமாறிய விதம். 1991ல் மகன் ஆண்டனி பொறுப்பேற்றார். 1994ல் தோட்டத்தைத் தந்தையிடமிருந்து விலைக்கு வாங்கினார். வாரிசாகக் காத்திருக்காமல் வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். வாங்கியவர் பரப்பைப் பெருக்கவில்லை, ரகங்களைக் குறைத்தார். பினோ நுவார், ஷார்டனே, இரண்டு மட்டும் போதும், அவையும் இந்த மண்ணின் குணத்தைக் காட்ட வேண்டும் என்ற நிலைக்குத் தோட்டத்தைக் கொண்டுவந்தார். நிறவெறி ஆட்சி முடிந்து ஏற்றுமதிக் கதவு திறந்த காலம் அது. எல்லோரும் கேட்பதையெல்லாம் செய்து விற்க ஓடிய நேரத்தில் இவர் சுருக்கிக்கொண்டது துணிச்சல்தான்.

கைமாற்றம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பர்கண்டியோடு ஒப்பிட்டால் விளங்கும். பிரெஞ்சுச் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் சொத்தில் பங்கு உண்டு என்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பிரித்து, 50 ஹெக்டேர் அளவுள்ள குளோ த வூஜோ என்ற ஒரே தோட்டத்துக்கு இன்று ஏறத்தாழ 80 உடைமையாளர்கள். சிலரிடம் சில வரிசைக் கொடிகள்தான் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் நிலைமை நேர் எதிர். உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். ஆனால் 1970ல் வந்த வேளாண் நிலப் பிரிவினைச் சட்டத்தின்படி அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் பண்ணையைத் துண்டாக்க முடியாது. ஆக நிலம் முழுசாக நிற்கும், பிள்ளைகளில் ஒருவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. அல்லது எல்லோரும் ஒரு அறக்கட்டளையிலோ கம்பெனியிலோ பங்காளிகள். கொடியைப் பிரிக்காமல் காக்கும் சட்டம் உடன்பிறப்புகளைப் பிரித்துவிடும் ஆபத்தும் இதில் உண்டு. பூச்சியையும் காற்றையும் தாண்டிய தோட்டங்கள் உயில் படிக்கும் நாளில் தடுமாறுவது உலகம் முழுக்க நடப்பதுதான்.

குடும்பத்துக்கு வெளியேயும் வாரிசுகள் உருவானார்கள் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் பாக்கியம். ஹாமில்டன் ரஸலில் முதலில் ஒயின் செய்த பீட்டர் ஃபின்லேசன், 1989ல் பர்கண்டிக்காரரான பால் பூஷாரோடு சேர்ந்து பக்கத்திலேயே பூஷார் ஃபின்லேசன் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஹாமில்டன் ரஸலில் ஒயின் செய்த கெவின் கிராண்டும் ஹானஸ் ஸ்டோர்மும் வெளியே வந்து, இதே பள்ளத்தாக்கில் சொந்தமாக ஒயின் செய்யத் தொடங்கினார்கள். ஒரு தோட்டம் மற்றவற்றுக்கு நாற்றங்கால் ஆகிவிட்டது. பிரிந்து போனவரைப் போட்டியாளராகப் பார்த்திருந்தால், இத்தனை சிறிய ஓர் இடத்தின் பெயர் உலக ஒயின் பட்டியல்களில் ஏறியிருக்காது.

இனி, குடும்பத் தோட்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் குடும்பம்?

கேப்பின் பழைய ஒயின் தோட்டங்கள் அடிமைகளின் கையால் உருவானவை. டச்சுக் கம்பெனி அவர்களை மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்தது. வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும்கூடக் கொண்டுவந்தது. அங்கே போனதும் பழைய பெயரை எடுத்துவிட்டு ஒரு புதுப் பெயரும் பின்னால் ஊர்ப் பெயரும் வைத்தார்கள். ஏட்டில் 'கோரமண்டலைச் சேர்ந்த' என்று மட்டும் எஞ்சிய அந்த மனிதர்கள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று நினைக்கும்போது இந்த வரலாறு எனக்கு அயலாருடையதாகத் தெரிவதில்லை. 1834ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. 1838 வரை 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் அதே எஜமானரிடம் கட்டிவைத்தார்கள்.

விடுதலைக்குப் பின்னும் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுக்கும் 'டாப்' என்ற பழக்கம் தொடர்ந்தது. ஒரு நாளில் பலமுறை, வேலைக்கு நடுவே, தகரக் குவளையில் மட்டமான ஒயின். சட்டம் தடை செய்த பிறகும் பல பண்ணைகளில் நெடுங்காலம் நின்றது. தாய் குடித்ததால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் வெஸ்டர்ன் கேப்பின் ஒயின் வட்டாரங்களும் இருப்பதற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். ஹெமல்-என்-ஆர்தேயின் தோட்டங்கள் மிகவும் பிற்காலத்தவை, அந்தப் பழைய பண்ணைகளின் கணக்கு முழுவதையும் இவற்றின் மேல் சுமத்துவது நியாயமில்லை. ஆனால் இவை முளைத்த மாகாணம் அதுதான், வேலைக்கு வந்த கைகளும் அந்த வரலாற்றிலிருந்து வந்தவைதான்.

1997ல் வந்த ஒரு சட்டம் பண்ணையில் குடியிருப்பவர்களைக் காரணமில்லாமல் வெளியேற்றத் தடை போட்டது. 2012 நவம்பரில் டி டோர்ன்ஸ் வட்டாரத்தில் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் போராட்டம் மாகாணம் முழுக்கப் பரவியபோது, அவர்களுடைய குறைந்தபட்ச நாள் கூலி 69 ராண்ட். அடுத்த ஆண்டு மார்ச்சில் அது 105 ராண்ட் ஆனது. ஒரே தாவலில் ஏறத்தாழ 50 சதவீதம். அதுவரை எவ்வளவு கீழே வைத்திருந்தார்கள் என்பதை அந்த ஒரு எண்ணே சொல்லிவிடுகிறது.

தோட்டத்தில் ஆகக் கைத்திறன் வேண்டிய வேலை கவாத்து. குளிர்காலத்தில் இலையில்லாத கொடிக்கு முன்னால் நின்று, போன ஆண்டு வளர்ந்த தண்டுகளில் எதை விடுவது, எதில் எத்தனை மொட்டு விடுவது என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். தவறாக ஒரு வெட்டு விழுந்தால் இந்த ஆண்டின் காய்ப்பும் அடுத்த ஆண்டின் தண்டும் சேர்ந்து கெடும். ஒரே பாத்தியை இருபது ஆண்டு கவாத்து செய்தவருக்கு, எந்தக் கொடி சோம்பல், எது அடங்காமல் வளரும் என்பது பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியும். உரிமையாளர் குடும்பத்துக்கு இரண்டாம் தலைமுறை என்றால், இவர்களில் சிலருக்கு மூன்றாம் தலைமுறை. புட்டியின் முகப்பில் ஒரு குடும்பப் பெயர்தான் இருக்கிறது. அந்த நிலத்தின் உடைமையில் இன்னொரு குடும்பத்துக்கு இடம் வரும் நாள், பினோ நுவாரைவிட மெதுவாகத்தான் பழுத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் குளிரையும் மணத்தையும் மட்டும் புகழ்வது அரைகுறைப் பேச்சு.

கடந்த சில ஆண்டுகள் இந்தத் தோட்டங்களை ஒவ்வொரு பக்கமாகச் சோதித்தன. 2019 ஜனவரியில் ஹெர்மானஸைச் சுற்றிய மலைகள் எரிந்தன. பழம் நிறம் மாறும் சமயம் அது. புகை படிந்தால் அதன் நாற்றம் தோல் வழியாக உள்ளே போய், நொதிக்கும்போதுதான் வெளியே தெரியும். 2020 மார்ச் 27 முதல் பெருந்தொற்று ஊரடங்கில் மது விற்பனைக்கே தடை வந்தது, முதல் சில வாரங்கள் ஏற்றுமதியும் நின்றது. 2021 ஜூலைக்குள் இப்படி நான்கு தடைகள். பீப்பாய்கள் நிரம்பியிருக்க, அடுத்த அறுவடை கொடியில் தொங்க, விற்க வழியில்லாமல் நின்றார்கள். அப்புறம் மின்வெட்டு. அறுவடை நேரத்தில் நொதிக்கும் தொட்டிகளைக் குளிர்விக்க மின்சாரம் இல்லாமல், டீசல் ஜெனரேட்டரில் லாபத்தை எரித்தார்கள். 2023 செப்டம்பர் கடைசியில் கொட்டிய மழையில் பள்ளத்தாக்குச் சாலையே பல இடங்களில் அறுந்தது. மொட்டு விரியும் வாரம், மருந்தடிக்க வண்டி போக வழியில்லை.

இதற்கெல்லாம் அடியில் மெதுவாக ஏறிக்கொண்டிருப்பது வெப்பம். கடல் பக்கத்தில் இருப்பது ஒரு காப்பு. அதை எவ்வளவு காலம் நம்பலாம் என்று தெரியாததால் தோட்டக்காரர்கள் இப்போதே சரிவுகளைப் பார்த்து நடுகிறார்கள். பூமியின் தெற்குப் பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால், வெயில் குறைவாகப் படுவது தெற்கு நோக்கிய சரிவில்தான். முன்பு பழுக்காது என்று விட்டுவைத்த இடங்கள் அவை. இன்று புதிதாக நிலம் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, அது எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான். கடலிலிருந்து தள்ளியிருந்தாலும் உயரத்தால் குளிர்ந்திருக்கும் மேட்டு வார்டுக்கு மதிப்பு கூடியிருப்பதும் இதனால்தான். தெற்குச் சரிவில் வெயில் சாய்ந்தே விழும், சூடு குறைவாகத்தான் ஏறும். கீழே கூடைகள் நிரம்பித் தொட்டியில் நொதிக்கத் தொடங்கிய பிறகும், அங்கே குலைகள் இன்னும் பாதி பச்சையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.